டிஸ்டோபிய (கொடுமையான கற்பனைச் சமூகத்தைக் காட்டும்) நாவல்களில் விடுதலையைக் கொல்வது அடியா, சுகமா?

ஏட்டுச்சுவடி:
ஆர்வெல்லின் '1984' வெளிவந்த 1949ஆம் ஆண்டிலேயே ஆல்டஸ் ஹக்ஸ்லி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். முகத்தைப் பூட்ஸ் காலால் மிதிக்கும் ஆட்சி காலகாலத்துக்கும் நீடிப்பது ஐயம்தான். அடிமைத்தனத்தை மக்களே விரும்பும்படி செய்தால் ஆள்வோரின் அதிகார வெறி அதே அளவுக்கு நிறைவேறும் என்பது அதன் சாரம். என் வாதமும் அதுதான். தான் அடைபட்டுக் கிடப்பது '1984' நாயகன் வின்ஸ்டன் ஸ்மித்துக்காவது தெரியும். ஹக்ஸ்லியின் 'பிரேவ் நியூ வேர்ல்ட்' நாவலில் சோமா என்ற போதை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரிப்பவர்களை யார் வந்து மீட்பது?

செங்காந்தள்:
ஐயா, அந்த நாவலின் தொடக்க அத்தியாயங்களை மறுபடி புரட்டுங்கள். கடைநிலை வகுப்பினரான எப்சிலன்கள் வளரும் கருக்குப்பிகளில் ஆக்சிஜனைக் குறைத்து மூளையை மழுக்குகிறார்கள். எட்டு மாதக் குழந்தைகள் பூவையும் புத்தகத்தையும் தொட்டதும் சைரன் அலறுகிறது, மின்சாரம் பாய்கிறது. இதில் விருப்பம் எங்கே வந்தது? பிறகு, அந்தச் சமூகத்துக்கு வெளியே வளர்ந்த ஜான் மருத்துவமனையில் சோமாவை ஜன்னல் வழியே வீசியெறிகிறான், கலவரம் மூள்கிறது. உடனே முகமூடி அணிந்த போலீசார் வந்து சோமா ஆவியைப் பீய்ச்சி அடக்குகிறார்கள். ஹக்ஸ்லியின் உலகத்திலும் போலீஸ் இருக்கிறது. கடிதத்தில் எழுதியதைவிட நாவலில் அவர் நேர்மையாக இருந்திருக்கிறார் என்பேன்.

ஏட்டுச்சுவடி:
சரி, ஹக்ஸ்லியை விடுங்கள். பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' (1953) நாவலுக்கு வாருங்கள். புத்தகம் எரிக்கும் தீயணைப்புப் படையின் தலைவர் பீட்டி, தன் படையில் பணியாற்றும் நாயகன் மான்டாகிடம் என்ன விளக்குகிறார்? தடை மேலிடத்திலிருந்து தொடங்கவில்லை. மக்களே வாசிப்பைக் கைவிட்டார்கள். அரசு பின்னால்தான் வந்தது. மான்டாகின் மனைவி மில்ட்ரெடை யாரும் மிரட்டவில்லை. மூன்று சுவர்களில் தொலைக்காட்சி இருந்தும் நான்காவது சுவருக்கும் வேண்டும் என்று அவளேதான் நச்சரிக்கிறாள்.

நடுநிசி:
இடையில் ஒரு சொல். பீட்டி எரிப்பவர்களின் தலைவர். ஒடுக்குபவர் சொல்லும் வரலாற்றைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாமா?
என்னை உலுக்கியது மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985). அதில் மதவாதிகள் ஆட்சியைப் பிடிக்கிறார்கள்; ஒரே நாளில் பெண்களின் வேலை பறிபோகிறது, வங்கிக் கணக்கு முடங்குகிறது. கதைசொல்லியின் கணவன் லூக் கெட்டவன் அல்லன். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அன்போடுதான் தேற்றுகிறான். அவனுக்கு உள்ளூர இது பிடித்திருக்கிறதோ என்று அவள் சந்தேகப்படுகிறாள். நேற்றுவரை சமமாக இருந்த இருவரில் ஒருவர் மற்றவரின் பொறுப்பாகிவிடுகிறார். ஆட்சி படுக்கையறைக்குள் நுழைய அந்தச் சந்தேகம் போதும். அடி, சுகம் என்ற உங்கள் இரண்டு பெட்டிகளில் இது எதில் அடங்கும்?

ஏட்டுச்சுவடி:
சுகத்தில்தான். அரசியல் சட்டம் முடக்கப்பட்டபோது தெருவில் கலவரம்கூட இல்லை. இரவுகளில் மக்கள் வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று அந்தக் கதைசொல்லியே சொல்கிறாள்.

செங்காந்தள்:
அதற்கு முன்பே அதிபரைச் சுட்டுவிட்டார்கள், நாடாளுமன்றத்தை இயந்திரத் துப்பாக்கியால் துளைத்துவிட்டார்கள். பிறகு ஊர்வலம் போனவர்கள் மீதும் சூடு. துப்பாக்கிக்கு அஞ்சி வீட்டுக்குள் இருப்பவரை இன்பத்தில் திளைப்பவர் என்று எழுதுவது எனக்குக் கோபமூட்டுகிறது. பழியைக் கடைசியில் ஆளப்படுபவர் தலையிலேயே கட்டுகிறோம்.

ஏட்டுச்சுவடி:
பழி சுமத்துவது என் நோக்கம் அல்ல. ஆனால் '1984' நாவலிலேயே மக்கள்தொகையில் 85 விழுக்காடு பாட்டாளிகள். பெரும்பாலோர் வீட்டில் கண்காணிப்புத் திரைகூட இல்லை. பீர், கால்பந்து, லாட்டரி, இயந்திரம் புனைந்த பாட்டு, இவற்றைக்கொண்டே அவர்களைக் கட்டிவைத்திருக்கிறார்கள். சித்திரவதை ஆளும் கட்சிக்காரர்களுக்குத்தான்.

செங்காந்தள்:
அதே பகுதியைத் தொடர்ந்து படியுங்கள். லாட்டரியின் பெரிய பரிசுகள் பொய். வென்றவர்கள் என்று அறிவிக்கும் பெயர்களில் ஆட்களே இல்லை. மனத்தில் எழும் எதிர்ப்பையும் வேட்டையாடும் சிந்தனைப் போலீசின் ஆட்கள் பாட்டாளிகளுக்கு நடுவே திரிந்து, நாளை ஆபத்தாகக்கூடியவர்களை அடையாளம் கண்டு ஒழித்துக்கட்டுகிறார்கள். பீரும் பாட்டுமே போதும் என்றால் அந்த ஒற்றர்களுக்கு அங்கே என்ன வேலை?