எஸ்.ஏ.சி.டி. வாங்கியவர்கள், வாங்கப் போய்த் திரும்பியவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

நொய்யல்கரை (சூலூர்):

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது ஓர் அட்டைப்பெட்டி கீழே இறங்கியது. உள்ளே ஒரு எஸ்.ஏ.சி.டி. (சூப்பர் ஆடியோ சி.டி.) பிளேயர், ஏழு தட்டுகள், ஆறு வயர்கள். ஆறில் நான்கு இன்னும் உறை பிரிக்கப்படவில்லை. 2003இல் சிங்கப்பூரிலிருந்து என் மைத்துனர் குழந்தையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்த பிளேயர் அது. பழைய இரும்புக்காரர் வருவதற்குள் அதன் கதையை எழுதிவிடுகிறேன்.

சி.டி. 1982இல் கடைக்கு வந்தது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதி வைப்பது அதன் வேலை. அதைச் செய்த அதே சோனியும் பிலிப்ஸும் 1999இல் சூப்பர் ஆடியோ சி.டி.யைக் கொண்டுவந்தன. இதில் ஒரே பிட்தான், ஆனால் நொடிக்கு 28,22,400 முறை. சி.டி.யைப் போல 64 மடங்கு. அந்த 64தான் என்னைப் பிடித்துக்கொண்டது. பாட்டும் 64 மடங்கு இனிக்கும் என்று நம்புகிற வயதெல்லாம் இல்லை எனக்கு, முப்பத்தாறு நடந்துகொண்டிருந்தது. இருந்தும் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் வருவார்கள். நிலக்கடலை வறுத்து வைத்துவிட்டுத் தட்டைப் போடுவேன். பீளமேட்டிலிருந்து வரும் வங்கி அதிகாரி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஜால்ராவில் அடி விழுந்த பிறகு ஒரு காற்று நிற்கிறது பாருங்கள், அது சி.டி.யில் கிடையாது" என்பார். நானும் தலையாட்டுவேன். மூன்று மாதம் இப்படிப் போனது.

ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, "அப்பா, எஸ்.ஏ.சி.டி. என்று ஒரு விளக்கு எரிய வேண்டுமாமே, நம்முடையதில் எரியவே இல்லையே?" என்றாள்.

பெரும்பாலான தட்டுகள் இரட்டை அடுக்குக் கொண்டவை. ஓர் அடுக்கில் சாதாரண சி.டி., இன்னொன்றில் உயர்தர ஒலி. பழைய பிளேயர் வைத்திருப்பவரும் வாங்கட்டும் என்று செய்த ஏற்பாடு. எந்த அடுக்கைப் படிக்க வேண்டும் என்பதற்கு முகப்பில் ஒரு பட்டன். எங்கள் வீட்டில் யாரோ துடைக்கும்போது அது சி.டி. பக்கம் போயிருக்கிறது. மூன்று மாதமாக நாங்கள் கண்ணை மூடிக் கேட்டதெல்லாம் வெறும் சி.டி.

பட்டனை அழுத்தினேன். கடுகளவு விளக்கு ஒன்று எரிந்தது. அதே பாட்டை முதலிலிருந்து போட்டேன். "இப்போது எப்படி இருக்கிறது?" என்றார் மனைவி. அருமையாக இருக்கிறது என்றேன். "போன வாரமும் இதையேதான் சொன்னீர்கள்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பீளமேட்டு நண்பரிடம் இன்றுவரை இதைச் சொன்னதில்லை.

தறிக்காரன் (சோமனூர்):

நான் வாங்கப் போய்த் திரும்பியவன். எங்களுடையது 24 தறி ஓடும் கொட்டகை. தறி ஓடினால் தூங்குவோம், நின்றால் விழித்துக்கொள்வோம். அந்த ஆசாமிக்கு 2004இல் உயர்தர ஒலி கேட்க ஆசை வந்தது. கோவையில் ஒரு கடையில் விற்பனைப் பையன் பொறுமையாக விளக்கினான். மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், சி.டி. 22,050இல் நின்றுவிடும், இது அதற்கும் மேலே போகும் என்றான். காதுக்கு எட்டாததை எதற்கு வாங்க வேண்டும் என்று கேட்டேன். "காதுக்கு எட்டாவிட்டாலும் உடம்புக்கு எட்டுமுங்க" என்றான். பதில் எனக்குப் பிடித்திருந்தது. அடுத்த வாரம் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த இடைப்பட்ட வாரத்தில்தான் மனைவியின் தொந்தரவு தாங்காமல் காதுப் பரிசோதனைக்குப் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஒலி கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே வந்ததும் ஒரு வரைபடத்தைக் காட்டினார்கள். கோடு சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் கிணற்றில் விழுந்ததுபோல் இறங்கிக் கிடந்தது. தறி இரைச்சல் முதலில் கைவைக்கும் இடம் அதுதானாம். "20,000 எங்கே இருக்கிறது, அதையும் பார்த்துவிடுங்கள்" என்றேன். சோதித்த பெண் சிரித்துவிட்டார். "ஐயா, இந்தக் கருவியே 8,000 வரைதான்."

அந்தப் பணம் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்குப் போனது. கடைப் பையனைப் பிறகு பார்க்கவில்லை. தங்கமான பையன்.

பனியன் ஊர் (திருப்பூர்):

என்னிடம் இருந்தது எஸ்.ஏ.சி.டி.க்குப் போட்டியாக வந்த பங்காளி, டி.வி.டி. ஆடியோ. பாட்டைத் தேர்ந்தெடுக்க டி.வி.யைப் போட வேண்டும். பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் வீட்டில் சீரியல் நின்றுவிடும். நோம்பிக்குச் சொந்தபந்தம் வந்திருந்தபோது ஒரே ஒரு முறை முயன்றேன். அத்தோடு சரி.

அவிநாசி சாலை:

எல்லோரும் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். நான் ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி என்று ஆறு வயரையும் மாட்டியவன், அதனால் எனக்குப் பேச உரிமை உண்டு.

நொய்யல்கரை அண்ணா, நீங்கள் வைத்திருந்தது இரண்டு ஸ்பீக்கர். அதில் வித்தியாசம் தெரியாததில் வியப்பில்லை. 64 மடங்கு என்பது விளம்பரத்துக்கு நல்ல எண். எனக்கு அந்தத் தட்டின் பெருமை ஐந்து திசையிலிருந்து வரும் ஒலிதான். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 1973 ஆல்பம் ஒன்று 2003இல் எஸ்.ஏ.சி.டி.யாக வந்தது. அதில் ஒரு பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் எல்லாம் சேர்ந்து அடிக்கும். முதல் முறை போட்டபோது என் அம்மா கூடத்துக்கு வந்து சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு பூஜை அறையை எட்டிப் பார்த்தார். 64 மடங்கைப் பற்றி அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது.

இதைக் கெடுத்தது நிறுவனங்களின் பயம். 1999இல் டி.வி.டி.யின் நகல் தடுப்புப் பூட்டை உடைத்துவிட்டார்கள், அதனால் டி.வி.டி. ஆடியோ தள்ளிப்போய் 2000இல்தான் வந்தது. நகல் எடுத்துவிடுவார்கள் என்று இரண்டு வடிவத்திலும் உயர்தர ஒலியைச் சாதாரண டிஜிட்டல் வயரில் வெளியே விடவில்லை. ஆறு அனலாக் வயர்கள், அவற்றை வாங்கிக்கொள்ள ஆறு துளை உள்ள ஆம்ப்ளிபயர். ஒரே வயரில் எஸ்.ஏ.சி.டி. ஒலியை அனுப்ப எச்.டி.எம்.ஐ.யில் வழி பிறந்தபோது 2005 ஆகிவிட்டது. ஐபாட் வந்ததோ 2001இல். ஆயிரம் பாட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பவனிடம் போய், பத்துப் பாட்டுக்கு ஆறு வயர் மாட்டு என்றால் மாட்டுவானா? இதில் சோனியும் பிலிப்ஸும் ஒரு பக்கம், டி.வி.டி. ஆடியோக்காரர்கள் எதிர்ப்பக்கம் என்று வரப்புச் சண்டை வேறு. எது நிலைக்கும் என்று தெரியாதவன் பணத்தை எடுக்க மாட்டான்.

எதைக் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்கும் கண்மூடிச் சோதனை ஒன்று உண்டு, அதையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கொண்டுவந்து போடுவீர்கள். பாஸ்டனில் மேயர், மோரன் என்ற இருவர் உயர்தரத் தட்டின் ஒலியை நடுவில் சி.டி. தரத்துக்கு இறக்கியும் இறக்காமலும் கேட்க வைத்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. எது எது என்று 554 முறை சொன்னதில் பாதிதான் சரி. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். 2016இல் லண்டனில் ரீஸ் என்பவர் 18 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 விழுக்காடு வந்தது. பயிற்சி பெற்ற காதுக்கு இன்னும் கூடுதல். ஆக, ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அதை நம்பிக் கடை வைக்கவும் முடியாது.

ரேடியோ செட் (கோபி):

2002 முதல் நான்கு ஆண்டுகள் காந்திபுரத்தில் ஓர் ஒலிக்கருவிக் கடையில் நின்றவன் நான். தறிக்காரர் ஐயா சொல்லும் பையன் நானில்லை, ஆனால் அதே பாடத்தை நானும் ஒப்பித்திருக்கிறேன்.

நீங்கள் எல்லோரும் விட்டுவிட்ட ஒன்று உண்டு. நம் பக்கத்து வாடிக்கையாளர் வெறுங்கையோடு கடைக்கு வரமாட்டார். தனக்குப் பழகிய தட்டையோ கேசட்டையோ பையில் கொண்டுவருவார். "இதைப் போடுங்கள், கேட்கலாம்" என்பார். இளையராஜா பாட்டில் தபலாவுக்குப் பின்னால் பேஸ் கிட்டார் எங்கே நுழையும் என்று அவருக்கு மனப்பாடம். அதை வைத்துத்தான் ஸ்பீக்கரை எடைபோடுவார். எஸ்.ஏ.சி.டி.யில் நான் எதைப் போட்டுக் காட்டுவது? கடையில் இருந்த மாதிரித் தட்டில் பியானோவும் ஒரு வெள்ளைக்கார அம்மணியின் பாட்டும்தான். பொள்ளாச்சியிலிருந்து வந்த தேங்காய் வியாபாரி முழுப் பாட்டையும் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது. நம் பாட்டு எப்போது வரும்?" என்றார். வரும் என்றேன். நான் வேலையை விடும்வரை தமிழில் ஒரு தட்டுகூட எங்கள் கடைக்கு வரவில்லை.

அதே நேரம் வெளியே நடைபாதையில் எம்.பி.3 தட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டில் 150 பாட்டு. எங்கள் முதலாளியே வீட்டுக்குப் போகும்போது இரண்டு வாங்கிப் போவார்.

இன்னொன்று. இந்தப் பக்கத்துத் தனியார் பஸ்களில் ஏறியிருப்பீர்கள். நான் இப்போது பஸ்களுக்கு செட் கட்டிக் கொடுக்கிறேன். பென் டிரைவில் எம்.பி.3தான், ஆனால் ஓட்டுநர்கள் அதற்கே ஆயிரம் குறை சொல்வார்கள். பின் இருக்கையில் பேஸ் மந்தமாக இருக்கிறது, மூன்றாவது ஜன்னலருகே குரல் கூசுகிறது என்று பிரித்து மாட்டச் சொல்வார்கள். காது இல்லாத ஊர் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

அவிநாசி சாலை:

ரேடியோ செட் அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும். இந்த வடிவம் இன்னும் முழுதாகச் சாகவில்லை. மேற்கத்தியச் செவ்வியல் இசையிலும் ஜப்பானிலும் புதுத் தட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சி.டி.யைவிட உயர்ந்த தரத்தை 2021 முதல் ஆப்பிள் மியூசிக் கூடுதல் கட்டணம் இல்லாமலே தருகிறது. எங்கள் வீட்டில் அதை இயக்கி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் புளூடூத்தில் கேட்கிறார்கள், அதில் அந்தத் தரம் முழுதாக வந்து சேராது. சொன்னால் கேட்பதில்லை.

நொய்யல்கரை (சூலூர்):

பீளமேட்டு நண்பர் இதைப் படித்துவிட்டார். காலை ஆறரைக்கே தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். கோபமில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. அந்தக் காற்று தனக்கு உண்மையிலேயே கேட்டது என்கிறார். வரும் ஞாயிறு நேரில் வந்து நிரூபிக்கிறாராம்.

பிளேயர் ஓடுகிறது. உள்ளே பெல்ட் தளர்ந்திருப்பதால் தட்டு வைக்கும் டிரேயை மட்டும் விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது. விளக்கின் மேல் கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிட்டேன். விடுமுறைக்கு வந்திருக்கும் மகள்தான் பட்டனை அழுத்தப்போகிறாள். இருபது முறை அழுத்துவாளாம், எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாளாம். இரும்புக்காரரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன்.