ஐம்பது பேருக்குள்ள

குரூப்: பழைய வண்ணாரப்பேட்டை குடும்பம்

ஜூன் 25, 2021, வெள்ளி. காலை 6:48

காசிமேடு சித்தப்பா: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! டெல்டா பிளஸ் சென்னைக்குள் நுழைந்துவிட்டது. திங்கள் முதல் மீண்டும் முழு ஊரடங்கு. தளர்வுகள் அனைத்தும் ரத்து. பால், மருந்து மட்டுமே. உடனே அனைவருக்கும் பகிரவும்!!

பெரியம்மா: ஐயோ இது என்ன புதுசா? தீபா கல்யாணப் பத்திரிகை அச்சடிச்சு வந்தாச்சே

பெரியப்பா: டிவில ஒண்ணும் வரலயே. யாருடா அனுப்பினது உனக்கு?

காசிமேடு சித்தப்பா: ஏலக்கடையில அல்லாரும் இத்தான் பேசிகினு கீறாங்கண்ணா. தடைகாலம் முடிஞ்சி போட்டு கடலுக்குப் போயி பத்து நாள்தான் ஆவுது. மறுபடி சாத்திட்டா இன்னா பண்றது? அந்த பேஜார்ல அனுப்சிட்டேன்

சுமதி அண்ணி: சின்ன மாமா, நான் டூட்டிக்குக் கெளம்பிட்டு இருக்கேன். சுருக்கமா சொல்றேன். டெல்டா பிளஸ் சென்னையில ஒருத்தருக்கு இருந்தது நெசம். அமைச்சர் மா. சுப்பிரமணியனே சொன்னாரு. அவங்க குணமாயிட்டாங்க. முழு ஊரடங்குன்னு யாரும் சொல்லல

பெரியம்மா: அது என்னம்மா பிளஸ்? மைனஸும் வருமா

சுமதி அண்ணி: டெல்டாதான் அத்தை, போன மாசம் நம்மள ஆட்டிப் படைச்ச அதே டெல்டா. அதுல ஒரு இடத்துல கூடுதலா ஒரு மாற்றம். K417Nனு பேரு. தென்னாப்பிரிக்கா பீட்டாவுலயும் அது இருந்தது. பிளஸ்னு பேரு வெச்சதால பலம் கூடிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. நம்ம சாம்பிள பெங்களூருக்கு அனுப்பித்தான் எந்த வகைன்னு பாக்கறாங்க. பதில் வர்றதுக்குள்ள ஆளு நல்லாயி வீட்டுக்கே போயிடறாங்க

நான்: சித்தப்பா, அந்த மெசேஜ அழிச்சிடுங்க ப்ளீஸ்

(காசிமேடு சித்தப்பாவின் இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

பெரியம்மா: இப்ப அழிச்சி என்ன? நான் சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிட்டேன்

மதியம் 12:40

லண்டன் குமரன் அண்ணன்: இப்பதான் எழுந்தேன். 43 மெசேஜ். கல்யாணம் நின்னுபோச்சோன்னு பயந்துட்டேன்

தீபா அக்கா: நிக்கல. எல்லாரும் சேர்ந்து நிக்க வெச்சுடுவாங்க போல

லண்டன் குமரன் அண்ணன்: இங்கயும் இதே கதைதான். ஜூன் 21 எல்லாத்தையும் தொறந்துடுவோம்னு பிப்ரவரிலேர்ந்து சொல்லிட்டு இருந்தாங்க. 14ஆம் தேதி போரிஸ் ஜான்சன் டிவில வந்து இன்னும் நாலு வாரம் பொறுங்க, ஜூலை 19னுட்டாரு. காரணம் டெல்டா. ஆபீஸ்ல ஒருத்தன் அத இந்தியன் வேரியன்ட்னு சொல்லும்போதெல்லாம் எனக்குக் காது சுடும். மே 31 உலக சுகாதார நிறுவனம் கிரேக்க எழுத்துல பேரு வெச்சப்புறம்தான் ஆபீஸ்ல நிமிர்ந்து நடக்கறேன்

காசிமேடு சித்தப்பா: ஜூலை 19 ஆடி 3 ஆச்சேடா. வெள்ளக்காரன் பஞ்சாங்கம் பாக்க மாட்டானா

லண்டன் குமரன் அண்ணன்: கூத்தக் கேளுங்க சித்தப்பா. இங்க கல்யாணத்துக்கு 30 பேர்தான்னு இருந்தத இந்த வாரம் எடுத்துட்டாங்க. மண்டபத்துல இடைவெளி விட்டு எத்தன பேரு கொள்ளுதோ அத்தன பேரு வரலாம். ஆனா உள்ள டான்ஸ் ஆடக்கூடாதாம்

காசிமேடு சித்தப்பா: அப்ப அது கல்யாணமா, கருமாதியா

பெரியம்மா: நீ வர வழியே இல்லயா குமரா? ஒரே தங்கச்சிடா

லண்டன் குமரன் அண்ணன்: ஏப்ரல் 23லேர்ந்து இந்தியா சிவப்புப் பட்டியல்ல இருக்கும்மா. வந்துடலாம். திரும்பி வந்தா 10 நாள் ஓட்டல் ரூம்ல அடைச்சு வெப்பாங்க, 1,750 பவுண்டு நம்ம கையிலேர்ந்து கட்டணும். நம்ம காசுல ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல. லீவும் பத்தாது. வீடியோலதான் பாக்கணும்

பெரியம்மா: (குரல் பதிவு, 0:04)

நான்: பெரியம்மா, மூச்சு விடற சத்தம் மட்டும்தான் வருது

இரவு 8:55

பெரியப்பா: அறிவிப்பு வந்துடுச்சு. ஜூலை 5 வரைக்கும் நீட்டிப்பு. ஆனா நம்ம நாலு மாவட்டத்துக்கு, சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திங்கள்லேர்ந்து துணிக்கடை, நகைக்கடை தொறக்கலாம். 9லேர்ந்து 7. ஏசி போடக்கூடாது. பாதிப் பேர்தான் உள்ள விடணும். கோயிலும் தொறக்கறாங்க. கல்யாணத்துக்கு 50 பேர், அதே கணக்குதான்

நான்: ஏசி போடக்கூடாதா பெரியப்பா? கஷ்டமாச்சே உங்களுக்கு

பெரியப்பா: கிண்டலா? எம்.சி. ரோட்டுல என் கடைக்கு ஒரு டேபிள் ஃபேன். அதுவும் என் பக்கம்தான் பாக்கும்

ஜூன் 26, சனி. காலை 9:10

பெரியம்மா: மதுரையில டெல்டா பிளஸ்ல ஒருத்தர் எறந்துட்டாராம். இது வாட்ஸ்அப் இல்ல, டிவில. ஆவணிக்குத் தள்ளிடலாம்னு எனக்குத் தோணுது. சம்பந்தியம்மாவும் காலையில போன் பண்ணி இழுக்கறாங்க

பெரியப்பா: ஆவணில மூணாவது அலைன்றாங்க. அப்ப ஐப்பசிக்கா? அதுக்குள்ள எப்சிலான்னு ஒண்ணு வரும். மண்டபத்துக்காரன் அட்வான்ஸ் 40,000 தர மாட்டேன்னுட்டான். சரி, மொட்டைமாடியில பந்தல் போடலாம்னு முடிவு பண்ணோம். பந்தக்காரனும் அட்வான்ஸ் வாங்கிட்டான். எத்தன தடவ தள்றது

சுமதி அண்ணி: நேத்து டெல்லியில சொன்ன கணக்கு. நாடு முழுக்க 45,000 சாம்பிளுக்கு மேல பாத்ததுல டெல்டா பிளஸ் 48. அதுல நம்ம மாநிலம் 9. மே 21ஆம் தேதி தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 36,184 பேருக்கு வந்தது. நேத்து ஆறாயிரத்துக்குக் கீழ. பயப்பட வேணாம்னு சொல்லல. எதுக்குப் பயப்படணும்னு பாருங்க. 48ஐப் பாத்து நடுங்கிட்டு, கறிக்கடையில மாஸ்க்கத் தாடைக்கு எறக்கி விட்டுக்கறோம்

காசிமேடு சித்தப்பா: கறிக்கடையா மீன் கடையா? ஒயுங்கா சொல்லு

தீபா அக்கா: என் கல்யாணம் எப்பன்னு என்னத் தவிர எல்லாரும் பேசறீங்க. ஆனியிலயே நடக்கட்டும். 50 பேரு போதும். 20 பேருன்னாலும் சரி

காலை 10:30

பெரியப்பா: சரி, பட்டியல். மாப்பிள்ளை வீட்டுல 22 கேக்கறாங்க. நமக்கு 28. சமையல்காரர் மூணு பேரு, ஐயர், நாதஸ்வரம் ஒண்ணு, தவில் ஒண்ணு, போட்டோக்காரர். இவங்களே 7

நான்: அவங்களும் 50ல சேருமா?

சுமதி அண்ணி: வைரஸுக்கு யாரு சம்பந்தி, யாரு தவில்காரர்னு தெரியுமா

பெரியப்பா: ஆகக்கூடி நமக்கு 21. நம்ம வீட்டாளுங்களே 26

காசிமேடு சித்தப்பா: வீடியோ வேணா எடுக்கலாம், போட்டோ வேணாம். ஒரு ஆளு மிச்சம்

தீபா அக்கா: தொட்டீங்கன்னா பாருங்க போட்டோகிராபர

பெரியம்மா: எதிர் வீட்டு அக்கா எல்லா விசேஷத்துக்கும் வந்து நின்னவங்க. அவங்கள எப்படி விடறது

பெரியப்பா: காலையில வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. ஒருத்தர் எறங்கினா ஒருத்தர் ஏறலாம். பஸ்ஸு மாதிரி

இதுல யாரும் சொல்லாத ஒரு பேரு இருந்தது. தாய்மாமன் இடத்துல பெரியப்பா பட்டியல்ல வெறும் கோடு போட்டிருந்தாரு. படம் எடுத்து அனுப்பினப்பதான் பாத்தேன்.

இரவு 11:42

வள்ளி அத்தை: எல்லாத்தையும் காலையிலேர்ந்து படிச்சிகிட்டுதான் இருக்கேன்

வள்ளி அத்தை: அவருக்கு வந்தது டெல்டாவா பிளஸ்ஸான்னு யாரும் எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. ஆஸ்பத்திரி வாசல்ல ஆம்புலன்ஸ்ல அஞ்சு மணி நேரம். எங்களுக்கு முன்னாடி பதினோரு வண்டி. நான் அவர் மூஞ்சியப் பாக்கல. சிலிண்டர்ல ஒரு முள்ளு இருக்கும் பாரு, அதையேதான் பாத்துட்டு இருந்தேன். செவப்பத் தொட்டதும் டிரைவர் தம்பி பின்னாடி வண்டிக்கு ஓடி வேற சிலிண்டர் கேட்டு வாங்கியாந்து மாட்டினான். மறுபடியும் மொதல்லேர்ந்து முள்ளு எறங்குச்சு. இன்னிக்கும் கேஸ் அடுப்பத் திருகினா அதுதான் ஞாபகம் வருது

வள்ளி அத்தை: கல்யாணத்தத் தள்ளாதீங்க அண்ணி. தீபாவுக்கு சீர் புடவ மார்ச்லயே எடுத்து வெச்சுட்டாரு. அரக்கு, மாம்பழ பார்டர். பில்லு பீரோவுல இருக்கு. தாய்மாமன் தட்ட எம்பையன் எடுத்துட்டு வருவான். அந்தக் கோட்டுல அவன் பேர எழுதுங்க

வள்ளி அத்தை: ஒண்ணு மட்டும் நான் கேப்பேன். 45 வயசுக்கு மேல ரெண்டு ஊசியும் போடாதவங்க மாடி ஏறக்கூடாது. யாரா இருந்தாலும். பொண்ணப் பெத்தவங்களா இருந்தாலும்

பெரியம்மா: சரி வள்ளி

லண்டன் குமரன் அண்ணன்: அத்தை சொல்றது சரி. இங்க வந்த கணக்குல டெல்டாவுக்கு எதிரா ஒரு ஊசி போட்டா நோய் வராம தடுக்கறது 33 சதவீதம்தான். நம்ம கோவிஷீல்டுதான் இங்க ஆஸ்ட்ராஜெனகா. அது ரெண்டு போட்டா ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்கு வராம 92 சதவீதம் காப்பாத்துது. டெல்டா பரவினதாலதான் 50 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு 12 வார இடைவெளிய 8 வாரமாக் கொறச்சாங்க

பெரியப்பா: இங்க நீட்டினாங்க. நானும் ஆயாவும் எலெக்ஷனுக்கு மூணு நாள் முன்னாடி, ஏப்ரல் 3 போட்டோம். மே கடைசில ரெண்டாவதுக்குப் போனா 84 நாள் ஆகணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க

சுமதி அண்ணி: இடைவெளி அதிகம் விட்டா எதிர்ப்பு நல்லா வருதுன்னு அந்த ஊர்க் கணக்க வெச்சுதான் மாமா மே மாசம் இங்க நீட்டினாங்க. கையில ஊசியும் இல்லன்னு வெச்சுக்குங்க. ஏப்ரல் 3லேர்ந்து எண்ணினா 84ஆவது நாள் இன்னிக்குதான்! திங்கள் ஸ்டாக் வருதுன்னு சொன்னாங்க. காலையில ஆறரைக்கே டோக்கன் குடுப்பாங்க

நான்: அப்ப பெரியம்மா?

பெரியம்மா: நான் கோவாக்சின். 28 நாள் கணக்கு. ரெண்டும் போட்டாச்சு. கையில பாரு, இன்னும் கட்டி இருக்கு

தீபா அக்கா: சித்தப்பா நீங்க எப்ப போட்டீங்க?

தீபா அக்கா: சித்தப்பா?

நான்: நீல டிக் வந்துடுச்சு சித்தப்பா. படிச்சிட்டீங்க

காசிமேடு சித்தப்பா: போடல

பெரியப்பா: ஒண்ணுகூடவா?

காசிமேடு சித்தப்பா: ஊசி போட்டா ஒரு மாசம் சரக்கு தொடக்கூடாதுன்னு சொன்னாங்க. கடலுக்குப் போயிட்டு வந்து ஒடம்பு வலிக்கு இன்னா பண்றது? அப்பால போடலாம்னு இருந்தேன்

சுமதி அண்ணி: உலகத்துக்கே டெல்டா பிளஸ் எச்சரிக்கை அனுப்பினீங்களே மாமா

ஜூன் 28, திங்கள். காலை 7:20

காசிமேடு சித்தப்பா: (படம்) ஆயா டோக்கன் 37. எனக்கு 38. மாநகராட்சி ஸ்கூல் வாசல்ல குந்திகினு கீறோம். ஆயா பழைய சோத்துத் தூக்கு எடுத்தாந்துகீது

பெரியப்பா: நான் கடையத் தொறந்துட்டு 11 மணிக்கு வந்து போட்டுக்கறேன். டோக்கன் 52, பக்கத்துக் கடை பையன் வாங்கி வெச்சுட்டான்

காலை 9:35

பெரியப்பா: ஷட்டர் பூட்டு தொறக்கவே இல்ல. தேங்காண்ணெ விட்டு, சுத்தியால தட்டி, அப்புறம்தான் வழிக்கு வந்தது. மே 6 சாத்தினது. உள்ள ஒரே புழுங்கின வாட. டூ பை டூ ரூபியா கட்டுல மேல் மடிப்பு மட்டும் வெளுத்துப் போச்சு, ஷட்டர் சந்துல வெயில் விழுந்த அளவுக்கு ஒரு கோடு. கீழ தட்டுல லைனிங் துணிய எலி கடிச்சிருக்கு. கலர் பாத்து அடுக்கி வெச்சதுல கரெக்டா மெரூனத்தான் கடிச்சிருக்கு. முகூர்த்தத்துக்கு அதுதான் போகும்

பெரியம்மா: போணி ஆச்சா?

பெரியப்பா: ஒரு அம்மா வந்து ஃபால்ஸ் ஒண்ணு வாங்கினாங்க. 30 ரூவா. சாதா பஸ்ல டிக்கெட் இல்லாம வந்தேன், அந்தக் காச உங்ககிட்ட குடுத்துட்டேன்னு சிரிக்கறாங்க

காலை 10:50

காசிமேடு சித்தப்பா: (குரல் பதிவு, 0:31)

சுமதி அண்ணி: வார்டுல இருக்கேன், கேக்க முடியல. யாராவது டைப் பண்ணுங்க

நான்: ஆயா பேசுது அண்ணி. "ரெண்டாவது ஊசி வலிக்கவே இல்லமா. எம்புள்ளதான் ஊசியப் பாத்துட்டு கண்ண மூடிகினான். சுறாவப் புடிக்கறவன். நர்சம்மா சிரிச்சிட்டாங்க." அப்புறம் வெறும் காக்கா சத்தம்

வள்ளி அத்தை: ஆயா மாடி ஏறலாம்

காசிமேடு சித்தப்பா: நானு?

வள்ளி அத்தை: உங்களுக்கு ஒண்ணுதானே ஆச்சு. ரெண்டாவது செப்டம்பர்ல

காசிமேடு சித்தப்பா: இன்னா வள்ளி, சொந்த அண்ணன் பொண்ணு கல்யாணம்

வள்ளி அத்தை: கீழ கேட்டுல ஒரு நாற்காலி போடறோம். மாஸ்க்கோட உக்காந்து ஆள எண்ணி எண்ணி மேல விடுங்க. ஏலக்கடையில கூடை எண்றவர்தானே. 50 தாண்டக்கூடாது

காசிமேடு சித்தப்பா: சரி. கேட்டுல குந்திகினு கீறவன் அந்த 50ல சேத்தியா, தனியா? அத்த மொதல்ல சொல்லுங்க