படம் இருட்டா, திரை இருட்டா?

கடைசிவரிசை:
“படம் முழுக்க ஒரே இருட்டு”, “வசனம் ஒண்ணும் புரியல”, “த்ரீடியில தலைவலி”. பெரிய படம் எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றாவது கட்டாயம் காதில் விழும். தப்பு இயக்குநர்மேலா, அரங்கின்மேலா என்று பிரித்துப் பார்க்காமல் மார்க் போட்டால் பாவம் ஒருவருடையது, பழி இன்னொருவருக்கு. கண்டுபிடித்த வழிகளை இங்கே சொல்லுங்கள்.

முதலில் வெளிச்சம். டைட்டிலில் வெள்ளை எழுத்து வரும்போது அதை மட்டும் பாருங்கள். எழுத்து பளிச்சென்று இருந்து காட்சிகள் மட்டும் இருண்டிருந்தால், அது ஒளிப்பதிவாளர் வேண்டுமென்றே வைத்த இருட்டு. வெள்ளையே மங்கிய மஞ்சளாகவோ சாம்பலாகவோ தெரிந்தால் கோளாறு அரங்கில். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தரநிலை. புரொஜெக்டருக்குள் இருக்கும் செனான் விளக்கு பழசாகப் பழசாக வெளிச்சம் இறங்கும். மாற்றாமல் இழுத்துக்கொண்டே போனால், பகல் காட்சி எப்படியோ தப்பித்துவிடும். இரவுக் காட்சி சேறாகிவிடும்.

ரீல்பெட்டி:
இன்னொன்றும் கவனிக்கணும். சில டிஜிட்டல் புரொஜெக்டர்களில் த்ரீடிக்கென்று தனி லென்ஸ் உண்டு. த்ரீடி காட்சி முடிந்ததும் அதைக் கழற்றாமல் அடுத்த 2டி படத்தையும் அப்படியே ஓட்டினால் வெளிச்சம் பாதிக்கு மேல் போய்விடும். தலையைத் திருப்பி ஆபரேட்டர் அறை ஜன்னலைப் பாருங்கள். 2டி படத்துக்கு ஒளிக்கற்றை மேலும் கீழுமாக இரண்டாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம். ஆனால் இரட்டை புரொஜெக்டர் வைத்த அரங்குகளும் உண்டு, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

த்ரீடி என்றாலே கண்ணாடி வெளிச்சத்தைத் தின்றுவிடும். 14 எங்கே, கண்ணாடி வழியாக வரும் 4.5 எங்கே. இருட்டுக் காட்சிகள் அதிகமுள்ள படத்தை 2டியில் பார்ப்பதே புத்திசாலித்தனம். ‘அவதார்: த வே ஆஃப் வாட்டர்’ (2022) வந்தபோது “சில இடத்துல சீரியல் மாதிரி இருக்கு” என்று நிறையப் பேர் சொன்னார்கள். கண் சொன்னது சரிதான். அதிக ஃபிரேம் பதிப்பில் தண்ணீருக்கடியில் வரும் காட்சிகளும் சண்டைகளும் வினாடிக்கு 48 ஃபிரேம். பேச்சுக் காட்சிகளில் ஒரே ஃபிரேமை இரண்டு முறை காட்டி 24 போலவே வைத்திருந்தார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் உறுத்தல். சாதாரண 24 ஃபிரேம் காட்சிக்குப் போயிருந்தால் அந்தப் புகாரே எழாது.

ஒலிக்காது:
வசனத்துக்கு வருகிறேன், வம்பு அதிகம் இங்கேதான்.

அரங்கின் ஒலிக்கருவியில் ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி, எண் 7இல் இருப்பதுதான் அளவுகோல். படத்துக்கு ஒலிக்கலவை செய்கிறவர் அந்த அளவில் கேட்டுத்தான் கலக்கிறார். விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்கிறது என்று யாராவது புகார் சொன்னதும் 5க்கு இறக்குவார்கள், அப்புறம் ஏற்ற மறந்துவிடுவார்கள். ஃபேடரின் இந்த எண்களுக்கிடையே ஒரு எண்ணுக்கு 3.3 டெசிபல் வீதம், இரண்டு எண்ணில் கிட்டத்தட்ட 7 டெசிபல் காலி. ஏசி இரைச்சலும் பாப்கார்ன் சத்தமும் குறையாது அல்லவா? மெதுவாகப் பேசும் வசனம் அதற்குள் மூழ்கிவிடுகிறது.

பிரிக்கும் வழி: பின்னணி இசையில்லாத, இரண்டு பேர் அறைக்குள் பேசும் காட்சியைக் கவனியுங்கள். அங்கேயும் புரியவில்லை என்றால் அரங்கு. அங்கே தெளிவாக இருந்து, இசையும் இரைச்சலும் சேரும்போது மட்டும் அமுங்கினால் அது கலவை. ‘டெனட்’ (2020) இரண்டாவது வகை. உலகம் முழுக்க ஒரே புகார் வந்தபிறகு எல்லா அரங்கையும் குறை சொல்ல முடியாது. அதன் இயக்குநர் நோலன் டப்பிங்கில் திரும்பப் பேசவைப்பதைவிடப் படப்பிடிப்பில் பதிவான குரலையே விரும்புகிறவர்; ஐமேக்ஸ் ஃபிலிம் கேமராவோ தையல் மிஷின் மாதிரி சத்தம் போடும். தெரிந்தே எடுத்த முடிவு அது. பிடிக்கவில்லை என்று சொல்ல நமக்கும் உரிமை உண்டு, நான் அந்தக் கட்சிதான்.

மூன்றாவதாக ஒன்று, இதை யாரும் சொல்வதில்லை. இசையெல்லாம் கணீரென்று இருக்கும், வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கும். திரைக்குப் பின்னாலுள்ள நடு ஸ்பீக்கர் பழுது. வசனம் பெரும்பாலும் அதில்தான் வரும். இடைவேளை வரை காத்திருக்காமல் முதல் பத்து நிமிடத்திலேயே எழுந்துபோய்ச் சொல்லுங்கள்.

கடைசிவரிசை:
உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்பதும் வருமே?

ஒலிக்காது:
வரும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் குரல் 88 மில்லிசெகண்ட் தாமதம், அதாவது 24 ஃபிரேம் கணக்கில் இரண்டு ஃபிரேம். பெயரை மாற்றிக்கொண்டு முன்னால் வாருங்கள்! திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், வரிசையின் நடுவில் உட்காருவது நல்லது.

ரீல்பெட்டி:
இருக்கைக்கு ஒரு கைக்கணக்கு இருக்கிறது. கையை நேராக நீட்டி ஒரு சாண் விரித்தால் கண்ணுக்குச் சுமார் 20 டிகிரி. திரையின் அகலம் இரண்டு சாணுக்குள் அடங்கினால் அது 40 டிகிரி, எல்லாப் படத்துக்கும் வசதி. ஒன்றரைச் சாணுக்கும் குறைந்தால் வீட்டு டிவி பார்ப்பது போலத்தான். மூன்று சாண் என்றால் சண்டைக் காட்சியில் கழுத்து வலிக்கும், அப்புறம் “எடிட்டிங் சரியில்லை” என்று தோன்றும்.

ஐமேக்ஸ் டிக்கெட் எடுக்கும் முன் திரையின் விகிதத்தை, அதாவது உயரத்தைப்போல் அகலம் எத்தனை மடங்கு என்பதைக் கேளுங்கள். 1.90 திரையில், 2.39 படத்தைவிட உயரம் 26 சதவீதம்தான் கூடும். 1.43 திரையில் 67 சதவீதம். இரண்டுக்கும் ஒரே பெயர்ப்பலகை. ‘சின்னர்ஸ்’ (2025) போல 2.76க்கும் 1.43க்கும் மாறி மாறிப் போகும் படத்தில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். நாலு பேர் பேசிக்கொண்டே இருக்கும் படத்துக்குக் கூடுதல் பணம் தண்டம்.

சோபாரசிகன்:
“இழுவை” என்ற தீர்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கில்லர்ஸ் ஆஃப் த ஃப்ளவர் மூன்’ (2023) 206 நிமிடம், இடைவேளை கிடையாது. சில அரங்குகள் தாங்களாகவே நடுவில் வெட்டி இடைவேளை விட்டன, அதை நிறுத்தச் சொல்லும்படி ஆனது. ‘த புரூட்டலிஸ்ட்’ (2024) 215 நிமிடம். 15 நிமிட இடைவேளை படத்திலேயே இருக்கிறது, திரைக்கதையும் அதற்கேற்ப இரண்டாகப் பிரிகிறது. இரண்டாவது, இடைவேளையோடு சேர்த்து மொத்த நேரம் கூடுதலாக இருந்தும் உட்கார முடிகிறது.

வீட்டில் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்கிறவர்களுக்கு: டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கை (ஃபிரேம்களுக்கு நடுவே டிவி தானே படம் சேர்த்து அசைவை வழவழப்பாக்கும் வசதி) அணையுங்கள், அல்லது அதை அணைத்தே வைக்கும் ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ இருந்தால் அதைப் போடுங்கள். வசனம் அமுங்கினால் ஒலி அமைப்பில் பல ஸ்பீக்கருக்கான 5.1ஐ விட்டு ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். இரண்டே ஸ்பீக்கருள்ள டிவிக்கு அதுதான் பொருந்தும். இருட்டுக் காட்சியில் வானம் படிப்படியாகக் கோடு கோடாகத் தெரிந்தால் அது ஸ்ட்ரீமிங் சுருக்கத்தின் கைவரிசை. 4கே டிஸ்க்கில் வினாடிக்கு 100 மெகாபிட் தகவலுக்கு மேலும் போக இடமுண்டு, ஸ்ட்ரீமிங்கில் பெரும்பாலும் 15 முதல் 25க்குள்தான். அந்தக் கோட்டுக்கு ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள்.

கடைசிவரிசை:
சாண் கணக்கைக் குறித்துக்கொண்டேன். ஒரு சந்தேகம்: சின்னக் கை, பெரிய கை என்று மாறாதா?

ரீல்பெட்டி:
கை சின்னது என்றால் அதை நீட்டும் தூரமும் குறைவு. கோணம் கிட்டத்தட்ட அதேதான் வரும்.