பொருள்: விளையாடுபவர் தாமே பதிந்து சேர்க்கும் ஒலிக்கு ஒரு தமிழ்ச்சொல்

கல்லடியிலிருந்து, ஆசிரியை:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடசாலைக் கணினிக் கழகத்து மாணவர்கள், மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்பில் தாங்கள் கைபேசியில் பதிந்த ஒலிகளைச் சேர்க்கப் பழகி வருகின்றனர். ஒருவர் வாவியில் துடுப்பு விழும் ஓசையையும், ஒருவர் பறைமேளத்தையும், இன்னொருவர் காலையில் தெருவில் வரும் பாண் ஓட்டோவின் இசையையும் பதிந்து கொண்டுவந்திருக்கின்றனர். இவர்களுக்கான சிறு கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வழிகாட்டிகளில் ‘கஸ்டம் சவுண்ட்’ என்று வருவதைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்பதே என் கேள்வி. இயந்திர மொழிபெயர்ப்பு ‘வழக்கமான ஒலி’ என்று தந்தது. அது நேரெதிரான பொருளாகிவிடுகிறது. தமிழ்நாட்டு மென்பொருள்களில் காணப்படும் ‘தனிப்பயன்’ என்பதைப் பயன்படுத்திப் பார்த்தேன். தனியாக இருக்கும்போது கேட்கும் ஒலியா என்று ஒரு மாணவி வினவினார்.

காரைதீவிலிருந்து, ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:

அன்புள்ள மகளுக்கு, ‘தற்பதிவொலி’ என்று தயங்காமல் எழுதுக. தன், பதிவு, ஒலி என்னும் மூன்றும் புணர்கையில், தன் என்பதன் னகரம் வல்லினத்தின் முன் றகரமாவது தற்பெருமை, தற்காப்பு என்பவற்றில் நாம் அன்றாடம் காண்பதே. ஓசை என்னாது ஒலி என்றே கொள்ளவேண்டும் என்பதற்கு நன்னூலார் சான்று; அவர் எழுத்துக்கே அணுத்திரள் ஒலி என்றுதான் இலக்கணம் வகுத்தார். ‘பதி’ என்னும் அடியின் ஆழத்தையும் நோக்குக. நாற்றைப் பதிப்பதும், கொடியைப் பதியம் வைப்பதும், ஒலியைக் கருவியில் பதிவதும் ஒரே வினையின் விரிவுகளே. நெஞ்சில் பதியும் பாடலாதலின் பதிகம் என்பதும் இதன் வழிவந்ததே என்பது என் நெடுநாளைய கருத்து. ஒலிக்குச் சொல் இல்லாத மொழியன்று நம்முடையது. கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் என்னும் நான்கையும் அரவப் பொருளனவாகத் தொல்காப்பியர் உரியியலில் தொகுத்து வைத்திருக்கிறார். 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் பிறந்த ஊரிலிருந்து எழுதுகின்ற எனக்கு, இரவல் சொல்லைப் பரிந்துரைக்கக் கை வராது.

காத்தான்குடியிலிருந்து, மென்பொருள் பணியாளர்:

சேர் அவர்களின் புணர்ச்சி விதியில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், ஒலியை யார் பதிந்தார் என்பது விளையாட்டுக்குத் தெரியவே தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம், வளப்பொதி என்னும் கோப்புறைக்குள் ஓக் வோர்பிஸ் வடிவில் ஓர் ஒலிக்கோப்பு இருக்கிறது என்பதும், எந்த நிகழ்வின்போது அதனை ஒலிக்க வேண்டும் என்று சவுண்ட்ஸ் ஜேசன் கோப்பு சொல்கிறது என்பதும் மட்டுமே. அந்தக் கோப்பில்தான் நமக்குத் தேவையான வேறுபாடு இருக்கிறது. படகின் துடுப்பு நீரில் படும் நிகழ்வுக்கு விளையாட்டிலேயே பல ஒலிகள் ஒரு பட்டியலாக உள்ளன; ஒவ்வொரு முறையும் அவற்றுள் ஏதேனும் ஒன்று எழுமானமாக, அதாவது குறித்த ஒழுங்கின்றி, தெரிவாகிறது. ‘ரீப்ளேஸ்’ என்னும் இடத்தில் உண்மை எனக் குறித்தால் பழைய பட்டியல் நீங்கி நமது ஒலி மட்டும் நிற்கும். அவ்வாறு குறிக்காவிட்டால் நமது ஒலி அந்தப் பட்டியலோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். ‘நான் போட்ட சத்தம் சில நேரம்தான் கேட்கிறது’ என்று பிள்ளைகள் முறையிடுவது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்: பழையதை நீக்கி வருவது மாற்றொலி, பழையதோடு கூடி வருவது சேர்ப்பொலி.

அக்கரைப்பற்றிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

இரண்டு சொல் வேண்டும் என்பதை முழுமையாக ஏற்கிறேன். ‘மாற்றொலி’யை ஏற்க இயலவில்லை. மொழியியலில் ஓர் ஒலியனின், அதாவது பொருளை வேறுபடுத்தும் அடிப்படை ஒலியின், இடத்திற்கேற்ற வேறுபாட்டை மாற்றொலி என்றுதான் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்கள். இன்று கணினிக் கழகத்தில் இருக்கும் மாணவி நாளை தமிழைச் சிறப்புப் பாடமாக எடுத்தால் குழம்பமாட்டாரா? ‘தற்பதிவொலி’ இலக்கணப்படி பிழையற்றது, எனினும் ‘தற்’ என்று தொடங்கும் சொல்லைக் கேட்டவுடன் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது தற்கொலையாகத்தான் இருக்கும் என அஞ்சுகிறேன். ‘தன்னொலி’ என்றால் குறுகியதாகவும் மெல்லியதாகவும் இருக்கும். ஐயாவின் பதியம் பொருந்துகிறது. பதிகத்தைப் பத்து என்னும் எண்ணோடு இணைத்துச் சொல்வதே பெருவழக்கு.

காரைதீவிலிருந்து, ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:

பதிகத்தின்கண் பத்தினைக் கண்டோர், பதினொரு பாட்டுடைய பதிகங்களையும் எண்ணிப் பார்க்கட்டும். மாற்றொலியைப் பொறுத்தமட்டில், ஒரு சொல் இரு துறைகளில் வழங்குவது குற்றமன்று. எண்தொடரின் உறுப்பையும் உடலின் உறுப்பையும் நம் மாணவர்கள் ஒரே நாளில் இரு பாடங்களில் படிக்கிறார்கள், எவரும் மயங்கியதாக நான் கண்டதில்லை. ‘தன்னொலி’ என்பது ஒருவர் தம் தொண்டையால் எழுப்பும் குரலையே குறிக்கும்; பறைமேளத்தை அது எவ்வாறு தழுவும்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து, மாணவரொருவரின் தந்தை:

பெரியோர்கள் மன்னிக்கவேண்டும். என் மகன் இதைப் பழகுவது யூடியூப் பார்த்து. அங்கே அவன் தேடும் சொல் ‘கஸ்டம் சவுண்ட்’. கையேட்டில் அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதினால் அவனுக்கு ஒரு நிமிடத்தில் விளங்கும். நாம் இங்கே ஆக்கும் சொல்லை அவன் தேடினால் ஒன்றுமே கிடைக்காது. பஸ், பாண், கோப்பி என்று எழுதும் நாம், விளையாட்டுக்கு வரும்போது மட்டும் ஏன் இத்தனை பாடுபடவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

காத்தான்குடியிலிருந்து, மென்பொருள் பணியாளர்:

தேடலுக்கு வேண்டிய சொல் வேறு, விளக்கத்திற்கு வேண்டிய சொல் வேறு. ‘கஸ்டம் சவுண்ட்’ என்பது மேலே நான் சொன்ன இரண்டையும் ஒன்றாக்கி மறைத்துவிடுகிறது. ஆங்கிலத்தில் கற்கும் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள். தமிழில் முதன்முதலாக எழுதும் நமக்கு அந்த மயக்கத்தைத் தவிர்க்கும் வாய்ப்பு இருக்கிறதே என்பதுதான் என் வாதம். இன்னொன்றையும் கையேட்டில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதிந்த ஒலி ஸ்டீரியோவாக, அதாவது இடம், வலம் என இரு தடங்களாக, இருந்தால், அது விளையாட்டில் எத்திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பவை தெரியாமல் எங்கும் ஒரே அளவில் கேட்கும். ஓடாசிட்டி போன்ற மென்பொருளில் ஒற்றைத்தடமாக மாற்றிய பின்னரே படகின் பக்கத்திலிருந்து துடுப்போசை வருவதாகத் தோன்றும். இதற்கான சொல்லை இப்போதைக்கு விவாதிக்கவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லடியிலிருந்து, ஆசிரியை:

இன்று வகுப்பில் சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். காத்தான்குடி நானா விளக்கிய வேறுபாட்டைச் செய்து காட்டியதும், தம் ஒலியை ‘நாங்க சேத்தது’ என்றும், பழையதை நீக்கி வந்ததை ‘மாத்திப் போட்டது’ என்றும் அவர்களே பிரித்துப் பேசத் தொடங்கினார்கள். ஆகவே முதலாவதற்குச் சேர்ப்பொலி என எழுத எண்ணுகிறேன். இரண்டாவதற்கு, மொழியியலோடு மோதாதிருக்கும் பொருட்டு, நம் பாடநூல்களில் ஏற்கனவே பழகிய மாற்றீடு என்பதிலிருந்து ‘மாற்றீட்டொலி’ என்று ஆக்கினால் அக்கரைப்பற்று அக்கா உடன்படுவாரா?

அக்கரைப்பற்றிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

உடன்படுகிறேன். நாவுக்குச் சற்றுக் கடினம், ஆனால் ஐயத்திற்கு இடமில்லை.

காரைதீவிலிருந்து, ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:

நான் உடன்படவில்லை. ‘சேர்ப்பு’ என்பது சங்கச் செய்யுளில் நெய்தல் நிலத்தைக் குறிக்கும் என்பதும், அந்நிலத்துத் தலைவன் சேர்ப்பன் எனப்படுவான் என்பதும் இக்குழுவில் நான் நினைவூட்ட வேண்டியவை அல்ல. சேர்ப்பொலி என்னும் சொல்லைக் காணும் தமிழ் கற்றவன், கடற்கரையின் அலையோசை என்றே முதலில் பொருள் கொள்வான்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து, மாணவரொருவரின் தந்தை:

ஐயா, கடலுக்கும் வாவிக்கும் நடுவே குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்தப் பொருளும் பிழையாகாது. முதலில் வரும் இடத்தில் ‘கஸ்டம் சவுண்ட்’ என்பதும் தமிழ் எழுத்தில் உடன் இருக்குமானால், சேர்ப்பொலிக்கு என் ஆதரவு உண்டு.

கல்லடியிலிருந்து, ஆசிரியை:

அவ்வாறே செய்கிறேன். அச்சுக்கு நாளை கொடுக்கவேண்டியிருப்பதால், சேர்ப்பொலி, மாற்றீட்டொலி என்னும் இரண்டையும் கையேட்டில் இட்டுவிட்டேன். கருத்துச் சொன்னவர்களுள் ஐயா ஒருவரைத் தவிர ஏனையோர் இதற்கு இசைந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

காரைதீவிலிருந்து, ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:

பெரும்பான்மையை மதிக்கிறேன். நெய்தலைக்கூட விட்டுவிடுகிறேன், ஆனால் ஒரு குறை தீரவில்லை. தோணியில் ஏறிப் போய்த் துடுப்போசையைப் பதிந்துவந்த மாணவனின் ஒலியும், இணையத்தில் எவரோ பதிந்ததை இறக்கி இட்ட ஒலியும் உங்கள் சொல்லில் ஒன்றாகிவிடுகின்றன. விளையாட்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது என்று காத்தான்குடித் தம்பி சொன்னது சரி. பொதியை மற்றவர்களுக்குப் பகிரும்போது அந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டியவர் மாணவர் அல்லவா? முன்னையது அவருக்கே உரியது. பின்னையதற்குப் பதிந்தவரின் அனுமதி வேண்டும்.

காத்தான்குடியிலிருந்து, மென்பொருள் பணியாளர்:

சேர் சொல்வது நியாயம். அனுமதி பற்றிய பகுதியில் மட்டும் ‘தாமே பதிந்த சேர்ப்பொலி’, ‘பிறர் பதிந்த சேர்ப்பொலி’ என்று விரித்து எழுதினால் போதும்.

கல்லடியிலிருந்து, ஆசிரியை:

அந்தப் பக்கத்தைத் திருத்திவிட்டேன்.

காரைதீவிலிருந்து, ஓய்வுநிலைத் தமிழாசிரியர்:

அவை சொற்றொடர்கள், மகள். நீங்கள் முதலில் கேட்டது ஒரு சொல். ‘தற்பதிவொலி’ இன்னும் நிற்கிறது. என் மாறுபாட்டைக் குழுவின் பதிவில் வைத்துக்கொள்க.