வீட்டு குரூப்ல ஒரு பூச்சி தின்னும் செடி

மாமா: [போட்டோ]

மாமா: அக்கா இத பாரு, ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவர் குடுத்தாரு, வீனஸ் பிளைட்ராப்னு எழுதியிருக்கு. தொட்டி ரொம்ப குட்டியா இருக்கு, தோட்டத்து மண்ணும் மண்புழு உரமும் கலந்து பெரிய தொட்டிக்கு மாத்திடலாம்னு இருக்கேன், சரிதானே

சித்தி: டேய் நில்லு நில்லு

சித்தி: மண்ணு எதையும் கலக்காத. உரம் வேண்டவே வேண்டாம், ஒரு சிட்டிகை கூட

மாமா: ஏன்? உரம் இல்லாம எப்படி வளரும்

சித்தி: அது சத்தே இல்லாத சதுப்பு நிலத்துல பொறந்த செடிடா. அங்க மழை பேஞ்சு பேஞ்சு மண்ணுல இருக்கற உப்பு சத்து எல்லாம் அடிச்சிட்டு போயிடும், நைட்ரஜன் பாஸ்பரஸ் எதுவும் பெருசா மிஞ்சாது, அதனால வேர் வழியா எடுக்க வேண்டியத இலை வழியா பூச்சிகிட்ட இருந்து எடுத்துக்க பழகிடுச்சு. அந்த வேருக்கு நம்ம மண்ணு, எரு, உரம் எல்லாம் உப்பு ஊத்தின மாதிரிதான், வெந்து போயிடும். மத்த செடிக்கு பாசமா பண்ற எல்லாமே இதுக்கு ஆகாது

தங்கச்சி: சித்தி அப்ப அதுக்கு பூச்சிதான் சாப்பாடா

சித்தி: சாப்பாடு வெயில்தான் மா. மத்த செடி மாதிரியே பச்சையம் வெச்சு சமைச்சுக்குது. பூச்சி சத்து மாத்திரை மாதிரி, கிடைச்சா நல்லா வளரும், கொஞ்ச நாள் கிடைக்கலன்னா செத்துடாது. டார்வின் 1875-ல இந்த செடிங்கள பத்தி ஒரு முழு புத்தகமே போட்டாரு, அதுக்கப்புறம் அவரோட பையன் பிரான்சிஸ் 1878-ல சன்டியூங்கற இன்னொரு பூச்சி தின்னும் செடிய ரெண்டு பங்கா பிரிச்சு ஒரு பங்குக்கு மட்டும் கறித்துணுக்கு குடுத்து பாத்தாரு, குடுத்த பக்கம் விதை நிறைய வந்துச்சு, குடுக்காத பக்கமும் உயிரோடதான் இருந்துச்சு

மாமா: சரி அப்ப எதுல நடறது

சித்தி: பீட் மாஸ் பாதி, பெர்லைட் பாதி. பீட் மாஸ்னா சதுப்பு நிலத்துல மட்கின பாசி, பெர்லைட்னா வெள்ளையா லேசா இருக்கற கல்லுத்துணுக்கு. வாங்கும்போது பாக்கெட்ட திருப்பி படி, உரம் சேத்ததுன்னு போட்டிருந்தா வாங்காத, நிறைய கம்பெனி சேத்துதான் விக்கறாங்க. பெர்லைட்ட சுத்தமான தண்ணில அலசிக்கோ, தூசிய மூச்சுல இழுக்காத, நனைச்சிட்டு கொட்டு

நான்: கோகோ பீட், அந்த தேங்காய் நார்த்தூள் போடலாமா சித்தி, அதான் சுலபமா கிடைக்குது

சித்தி: அதுல உப்பு இருக்கும்பா. பல தடவ ஊற வெச்சு புழிஞ்சு புழிஞ்சு அலசணும், அதுவும் சுத்தமான தண்ணில. அவ்ளோ பாடு படறதுக்கு பீட் மாஸே மேல். எனக்கு கோகோ பீட் மேல நம்பிக்கை இல்ல

சித்தி: டேய் இப்பவே மாத்தணும்னு அவசரம் இல்ல, இருக்கற தொட்டில இருக்கட்டும். தண்ணிதான் முக்கியம், என்ன ஊத்தின இதுவரைக்கும்?

மாமா: இன்னும் ஒண்ணும் ஊத்தல, நேத்துதான் வந்துச்சு. குழாய் தண்ணி ஊத்தலாம்னு இருந்தேன்

சித்தி: நல்லவேளை. குழாய் தண்ணி, போர் தண்ணி ரெண்டுமே வேண்டாம். மழைத்தண்ணி, டிஸ்டில்டு வாட்டர், இல்லன்னா ஆர்ஓ தண்ணி, இந்த மூணுல ஒண்ணு

அம்மா: கொதிக்க வெச்சு ஆற வெச்சு ஊத்தினா சுத்தம் ஆயிடாதா

சித்தி: இல்லக்கா கிருமிதான் சாகும், தண்ணி ஆவியாகி போனா உப்பு அப்படியே இன்னும் கெட்டியாதான் நிக்கும். நமக்கு இங்க பிரச்சனை கிருமி இல்ல, கரைஞ்சிருக்கற உப்புதான்

நான்: பாட்டில்ல விக்கற மினரல் வாட்டர்?

சித்தி: பேர்லயே மினரல் இருக்கே. வேண்டாம்

சித்தி: ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கிக்கோங்க எல்லாரும், பேனா மாதிரி இருக்கும், தண்ணில முக்கினா எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு நம்பர் காட்டும். 50 பிபிஎம்க்கு கீழ இருந்தா கண்ண மூடிட்டு ஊத்தலாம். வீட்ல ஆர்ஓ மெஷின் இருந்தாலும் சும்மா நம்பாதீங்க, நிறைய மெஷின்ல ருசிக்காக திரும்ப மினரல் சேக்கற மாதிரி வெச்சிருப்பாங்க, குடிக்க நல்லா இருக்கும் ஆனா மீட்டர் வெச்சா 100, 150னு நிக்கும். ஒருதடவ ஊத்தினா ஒண்ணும் ஆகாது, ஆனா தண்ணி ஆவியாகும் உப்பு தொட்டிலயே தங்கும், அப்படியே சேந்து சேந்து ஒரு நாள் செடி காரணம் தெரியாம கருகும். அதான் இந்த செடி வாங்கினவங்க பாதி பேருக்கு எதனால போச்சுன்னே புரியறதில்ல

தம்பி: ஏசில இருந்து சொட்டற தண்ணி சித்தி? பக்கெட் பக்கெட்டா வருது

சித்தி: அது காத்துல இருந்து வடியற தண்ணிதான், உப்பு பொதுவா கம்மியா இருக்கும், ஆனா உள்ள இருக்கற அழுக்கு, உலோகம் எல்லாம் தொட்டுட்டு வரும். மீட்டர்ல பாரு, கிளீன் பண்ண கெமிக்கல் போட்டிருந்தா அந்த சமயம் எடுக்காத. மழைத்தண்ணி கிடைச்சா அதுதான் என் முதல் ஓட்டு

மாமா: எவ்ளோ ஊத்தணும், தெனமும் மேல ஊத்தணுமா

சித்தி: மேல ஊத்தாத. தொட்டிக்கு கீழ ஒரு ட்ரே வெச்சு அதுல ஒரு சென்டிமீட்டர், மிஞ்சிப்போனா ரெண்டு சென்டிமீட்டர் தண்ணி நிறுத்து, அதுவே கீழ இருந்து உறிஞ்சிக்கும். காஞ்சுபோக விடாத. மேல மூடி மாதிரி பிளாஸ்டிக் இருக்கு பாரு போட்டோல, அத ஒரே அடியா எடுத்துடாத, மொத நாள் கொஞ்சமா திறந்து வை, ஒரு வாரத்துல முழுசா எடுத்துடு. அப்புறம் வெயில்ல வை. ரூம்ல டேபிள் மேல வெச்சா அழகா இருக்கும்னு தோணும், ஆனா அங்க இலை நீளமா தொங்கலா வளரும், பூச்சி பிடிக்கற வாய்க்குள்ள அந்த சிவப்பு வராது

மாமா: நேரடி வெயிலா?

சித்தி: ஆமா ஆறு மணி நேரமாவது. ஆனா இவ்ளோ நாள் கடையில நிழல்ல இருந்திருக்கும், அதனால காலை வெயில்ல ஆரம்பிச்சு மெதுவா ஏத்து

தங்கச்சி: சித்தி இங்க குட்டிப்பையன் ஒருத்தன் போட்டோவ பாத்துட்டு குதிக்கறான், மாமா தாத்தா வீட்டுக்கு போயி விரல் விட்டு பாக்கணுமாம், கடிக்குமா

சித்தி: கடிக்காதுடா கண்ணு, பல்லு கிடையாது, பக்கத்துல இருக்கறது வெறும் முள்ளு மாதிரி மயிருதான், பூச்சி தப்பிக்காம இருக்க கம்பி போட்ட மாதிரி. ஆனா விளையாட்டுக்கு தொடக்கூடாதுன்னு சொல்லு. ஒவ்வொரு வாயும் அதோட ஆயுசுல சில தடவைதான் மூட முடியும். சும்மா மூட வெச்சா ஒரு நாள் கழிச்சு வெறும் வயித்தோட திறக்கும், செலவான சக்தி செலவானதுதான்

தங்கச்சி: அது எப்படி தெரிஞ்சு மூடுது

சித்தி: அதுதான் எனக்கு இந்த செடில ரொம்ப பிடிச்ச விஷயம். வாய்க்குள்ள ஒவ்வொரு பக்கமும் பொதுவா மூணு மெல்லிசான மயிரு நிக்கும். ஒரு தடவ பட்டா சும்மா இருக்கும். 20 செகண்டுக்குள்ள ரெண்டாவது தடவ பட்டாதான் மூடும், ஏன்னா மழைத்துளியோ காஞ்ச சருகோ ஒரு தடவ பட்டுட்டு போயிடும், உயிரோட இருக்கறதுதான் திரும்ப திரும்ப நகரும். மூடினப்புறமும் உள்ள துடிச்சிட்டே இருந்தாதான் இறுக்கமா ஒட்டிக்கிட்டு ஜீரண நீர் விடும். செடிக்கு மூளை கிடையாது, ஆனா எண்ணுது!! பத்துல ஒரு பங்கு செகண்டுல மூடிடும்

தம்பி: செம

தங்கச்சி: இவன் வாயத் தொறந்துட்டு உக்காந்திருக்கான் 😄

சித்தி: அவன்கிட்ட இன்னொண்ணும் சொல்லு, யூட்ரிகுலேரியான்னு தண்ணில மிதக்கற செடி இருக்கு, குட்டி குட்டி பை வெச்சிருக்கும், அது ஒரு மில்லிசெகண்டுக்குள்ள உறிஞ்சிடும். கண்ணால பாக்கவே முடியாது

பாட்டி: இத வெச்சா கொசு போயிடுமா

சித்தி: போகாதும்மா. பிளைட்ராப் காட்டுல பிடிக்கறதே பெரும்பாலும் எறும்பு, சிலந்தி, வண்டு, தரையில ஊர்றதுதான், பறக்கறது கம்மி. யூட்ரிகுலேரியா கொசுப்புழுவ தின்னும், ஆனா வீட்டு கொசு குறையற அளவுக்கு இல்ல. கொசுவலை எடுக்காத நீ

பாட்டி: சரி

மாமா: மாசம் ஒரு தடவ கோழிக்கறி துண்டு போடலாமா? ஒருத்தர் அப்படித்தான் பண்றாராம்

சித்தி: ஐயோ வேண்டாம், கொழுப்பு அழுகி அந்த வாயே கருத்து போயிடும். வெளிய வெயில்ல வெச்சா எறும்ப அதுவே பாத்துக்கும். உள்ளதான் வெச்சிருக்கேன், ஏதாவது குடுத்தே ஆகணும்னா அதோட வாய் அளவுல மூணுல ஒரு பங்குக்கு மேல இல்லாத பூச்சியா குடு, பெருசா இருந்தா வெளிய நீட்டிக்கிட்டு அடைபடாம அழுகும். செத்த பூச்சின்னா மூடினதும் வெளிப்பக்கமா மெதுவா அமுக்கி விடணும், துடிக்கற மாதிரி அதுக்கு தெரியணும் இல்லன்னா ஜீரணிக்காம திறந்துடும். ஒரு பூச்சி ஜீரணிக்க அஞ்சுல இருந்து பன்னெண்டு நாள் வரை ஆகும், திறந்து திறந்து பாக்காத

மாமா: சரி சரி. இப்பவே ரெண்டு வாய் கருப்பா இருக்கே, நோயா?

சித்தி: பழைய இலை அப்படித்தான் போகும், கத்தரிக்கோலால வெட்டி எடுத்துடு. நடுவுல புதுசு வருதான்னு மட்டும் பாரு. வந்தா செடி நல்லா இருக்கு

சித்தி: இன்னொண்ணு, குளிர்காலத்துல இது மூணு நாலு மாசம் தூங்கும். இலை சின்னதாகும், நெறைய கருகும், செத்துடுச்சுன்னு தூக்கி போட்டுடாத. அந்த சமயம் தண்ணிய குறைச்சு, மண்ணு ஈரமா மட்டும் வெச்சுக்கோ. அது பொறந்த இடம் அமெரிக்காவுல வட கரோலினா தென் கரோலினா கடலோரப் பக்கம், உலகத்துலயே அங்க மட்டும்தான் இயற்கையா வளரும், அங்க குளிர் வரும் அதான் உடம்புல அந்த வழக்கம். குளிரே வராத இடத்துல இருக்கறவங்க பிரிட்ஜ்ல கூட வெச்சு தூங்க வைக்கறாங்க. தூங்க விடாம வருஷம் பூரா ஓட்டினா ரெண்டு மூணு வருஷத்துல மெலிஞ்சு போகும்

நான்: காட்டுல இருந்து பிடுங்கி விக்கறாங்கன்னு கேள்விப்பட்டேன்

சித்தி: ஆமாப்பா மனசு வலிக்குது அத நினைச்சா. திருட்டு அவ்ளோ ஆகிப்போய் வட கரோலினால 2014-ல அத பெரிய குற்றமாவே ஆக்கிட்டாங்க. வாங்கறவங்க நர்சரில வளர்த்ததா, டிஷ்யூ கல்ச்சரான்னு, அதாவது லேப்ல திசுவுல இருந்து வளர்த்ததான்னு கேட்டு வாங்கணும், அது விலையும் கம்மி, காட்டுக்கும் கேடு இல்ல

தம்பி: சித்தி என்கிட்ட இருக்கற நெபந்திஸ்ஸுக்கும் வழி சொல்லுங்க, அதான் குடுவைல பூச்சி பிடிக்கற செடி. இலை நல்லா பெருசா வருது, குடுவை மட்டும் வரவே மாட்டேங்குது. நுனில குட்டியா ஒரு மொட்டு வந்து அப்படியே காஞ்சிடுது

சித்தி: எங்க வெச்சிருக்க

தம்பி: ஹால்ல சுவத்தோரம்

சித்தி: வெளிச்சம் பத்தல. பச்சையா இலை மட்டும் விட அது போதும், குடுவை செய்ய போதாது. ஜன்னல் பக்கம் தொங்க விடு, காலை வெயில் கொஞ்சம் படட்டும், உச்சி வெயில் வேண்டாம். காத்துல ஈரமும் வேணும், சுத்தி நாலு செடி கூட்டமா வெச்சாலே ஏறும். முக்கியமா இடத்த மாத்திட்டே இருக்காத, ஒரே இடத்துல விடு. அப்புறம் இதுக்கு ட்ரேல தண்ணி நிறுத்தக்கூடாது, பிளைட்ராப்புக்கு சொன்னது இதுக்கு பொருந்தாது, மேல ஊத்தி கீழ வடிஞ்சிடணும், ஸ்பேக்னம் மாஸ்னு விக்கற பாசியும் பெர்லைட்டும்தான் சரி

தம்பி: பழைய குடுவைக்குள்ள தண்ணி காஞ்சிருந்தா ஊத்தணுமா

சித்தி: அது தண்ணி இல்ல, அதோட ஜீரண நீர், ரொப்பி விட்டா நீத்துப்போயிடும். கொண்டு வரும்போது கவுந்து கொட்டியிருந்தா மட்டும் கால்வாசி சுத்தமான தண்ணி விடு

அம்மா: நீ வெச்சிருக்கியே பனித்துளி மாதிரி மின்னுமே அதுதான் எனக்கு பிடிக்கும்

சித்தி: அது சன்டியூ அக்கா, டிரோசெரா கேபென்சிஸ், தென்னாப்பிரிக்காக்காரி. புதுசா வளக்கறவங்களுக்கு நான் அததான் சொல்வேன், தூங்க வைக்க வேண்டாம், ஜன்னலோரம் போதும், அந்த துளி இருந்துச்சுன்னா வெளிச்சம் ஈரம் எல்லாம் சரியா இருக்குன்னு அதுவே சொல்லிடும், காஞ்சு போச்சுன்னா ஏதோ குறை

அம்மா: எனக்கு ஒண்ணு குடேன்

சித்தி: செடியா வேண்டாம், ஒரு இலை தரேன். டிஸ்டில்டு வாட்டர்ல மிதக்க விட்டு வெளிச்சத்துல வை, சில வாரத்துல இலை மேலயே குட்டி குட்டியா முளைக்கும், வேர் வந்ததும் பீட்ல நடு

நான்: எனக்கும் இலை

தங்கச்சி: எங்களுக்கும் சித்தி, இவன் பேரு வைக்க ரெடி ஆயிட்டான்

சித்தி: எல்லாருக்கும் தரேன், ஆனா மொதல்ல உங்க உங்க வீட்டு தண்ணிய மீட்டர்ல வெச்சு நம்பர போட்டோ எடுத்து இங்க போடுங்க. 50க்கு கீழ காட்டினவங்களுக்குதான் இலை

மாமா: மீட்டர் ஆர்டர் போட்டாச்சு அக்கா. அதுவரைக்கும் டிஸ்டில்டு வாட்டர் ட்ரேல ஊத்தியிருக்கேன், மண்புழு உரத்த ரோஜாவுக்கு போட்டுட்டேன்

சித்தி: 👍 ரோஜாவுக்கு நல்லது