பின் சீட்டுல கட்டின பையை அவிழ்க்காம பெட்ரோல் போடணும், வழி சொல்லுங்க

நண்பர்களே, ஹோண்டா என்சி750எக்ஸ் பைக்ல பெட்ரோல் மூடி பின் சீட்டுக்கு அடியில. டேங்க் 14.1 லிட்டர்தான். நீண்ட பயணத்துல பின் சீட்டு மேல பை கட்டினா, ஒவ்வொரு பங்க்லயும் எல்லாத்தையும் அவிழ்த்தாத்தான் சீட்டைத் தூக்க முடியும்.

யோசனை இதுதான்: பழைய பின் சீட்டு ஒண்ணு வாங்கி, உறையையும் ஃபோமையும் கழற்றிட்டு, அடித்தட்டு மேல 4 மி.மீ. அலுமினியத் தகடு. எம்6 (6 மி.மீ.) போல்ட் நாலு, அடியில அகல வாஷர், நைலாக் நட் (அதிர்வுல கழலாம இருக்க உள்ளே நைலான் வளையம் வெச்சது). பை வார் தகட்டோட மட்டும். கைப்பிடிக் கம்பியில ஒரு வார் சுத்தினாலும் சீட்டு திறக்காது. நட் மூடியில இடிக்குதான்னு பார்க்க, மூடி மேல களிமண் உருண்டை வெச்சு சீட்டை மூடிப் பார்த்தாப் போதும்.

பயமெல்லாம் அடித்தட்டு பிளாஸ்டிக்ங்கிறதுலதான். கொக்கிப் பக்கம் கொஞ்சம் வளைஞ்சாலே பூட்டு விழாது. பையோட சேர்த்துத் தூக்கும்போது எடை முழுக்க கீல்ல இறங்கும், அங்க வெடிப்பு விடலாம்.

செஞ்சவங்க சொல்லுங்க: எத்தனை கிலோ வரைக்கும் தாங்குது? கீல் பக்கம் இரும்புப் பட்டை கொடுத்தீங்களா? அடித்தட்டின் ரப்பர் கால்களுக்கு நேர் மேல துளை போட இடம் இருக்கா? அடிப்பக்கப் படம் இருந்தா ரொம்ப உதவியா இருக்கும்.