புதுப்பிப்பு: கிரீன் கார்டு லாட்டரியில் நேர்காணல் மாதம் எப்படி முடிவாகிறது?

அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேற விசா தரும் இந்தக் குலுக்கலில் தேர்வாவது விசா கிடைத்ததாகாது என்று முன்பு இந்த இழையில் எழுதியிருந்தேன். "அப்படியானால் நேர்காணல் எப்போது?" என்று இலங்கையிலிருந்து சிலர் கேட்டதால் இதைச் சேர்க்கிறேன்.

அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில், இந்தக் குலுக்கலுக்கெனப் பிராந்தியவாரியாக ஓர் எல்லை எண் தரப்படுகிறது; அந்த மாதத்துக்கு மட்டுமன்றி அடுத்த மாதத்துக்குமான எண் அதிலேயே இருக்கும் என்பதால் முன்கூட்டியே கணிக்கலாம். தேர்வானபோது உங்களுக்குத் தரப்பட்ட வழக்கு எண்ணில் ஆண்டுக்கும், ஆசியாவைக் குறிக்கும் 'ஏஎஸ்' என்ற எழுத்துகளுக்கும் பின்னால் வரும் எண், ஆசியாவுக்கான எல்லை எண்ணைவிடக் குறைவாக இருந்தால்தான் உங்கள் முறை வந்ததாகப் பொருள். நேபாளம் போன்ற நாடுகளுக்குச் சில வேளைகளில் தனி எல்லை எண் இருக்கும். இக்குலுக்கலின் மொத்த விசாக்களில் ஒரே நாட்டுக்கு 7 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்ற விதி இதன் பின்னணியில் உள்ளது.

முறை வந்தாலும் டிஎஸ்-260 என்ற இணையவழி விசா விண்ணப்பப் படிவத்தைச் சமர்ப்பிக்காதவருக்கு நாள் ஒதுக்கப்படாது. இக்குலுக்கலைக் கையாளும் அமெரிக்க அரசு அலுவலகமான கென்டக்கி தூதரக மையம் அப்படிவத்தைப் பரிசீலித்த பிறகே, தூதரகத்தின் கொள்ளளவைப் பொறுத்து நேர்காணலை ஒதுக்குகிறது. ஆகவே படிவத்தைத் தள்ளிப்போடுவது, என் பார்வையில், வீண் துணிச்சல். அக்டோபர் 1-இல் தொடங்கும் நிதியாண்டு செப்டம்பர் 30-இல் முடிந்ததும் தேர்வு காலாவதியாகிவிடும். அடுத்த ஆண்டுக்கு அது நீளாது.

இந்தியாவில் வசித்தாலும் இலங்கையில் பிறந்தவர் இக்குலுக்கலுக்குத் தகுதி பெறலாம். இங்கு பார்க்கப்படுவது பிறந்த நாடே, குடியுரிமை அன்று.